வாஷிங்டன் மாநிலத்தின் வழக்கும் உங்கள் கையெழுத்தும்

அன்புள்ள தம்பிக்கு,

எச்-1பி வேலை விசாவில் சியாட்டில் பக்கத்துப் பாத்தெலுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போன இடத்தில் வாக்காளராகப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று ஒரு கேள்வி வந்தது என்றும், குழப்பத்தில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திக் கடந்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதற்கிடையே அலுவலக நண்பர் ஒருவர், "நம் மாநிலம் அதிபர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டது, குடியுரிமைச் சான்று கேட்க மாட்டார்கள், வரி கட்டுகிற நீங்களும் பதிவு செய்யலாம்" என்றாராம். அது சரியா என்று கேட்கிறீர்கள். கூடவே வீட்டு வாடகை, கார் காப்பீடு, பிள்ளையின் பள்ளி பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்கு விடை சொல்ல உங்கள் குடியிருப்பிலேயே பத்துப் பேர் இருப்பார்கள், அவர்கள் சொல்வது கொஞ்சம் தவறினாலும் நூறு இருநூறு டாலர் நட்டத்தோடு போய்விடும். முதல் கேள்வியில் தவறினால் திருத்திக்கொள்ள வழியே இல்லை என்பதால், நான் அதற்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

நீங்கள் பதிவு செய்யக் கூடாது. உங்கள் நண்பர் வழக்கைப் பற்றிச் சொன்னதில் பாதி உண்மை. அதிலிருந்து உங்களுக்கு எடுத்துச் சொன்ன முடிவு முழுத் தவறு.

வழக்கு இதுதான். 2025 மார்ச் 25 அன்று அதிபர் டிரம்ப் தேர்தல் தொடர்பாக ஒரு நிர்வாக ஆணை பிறப்பித்தார். நாடு முழுவதும் செல்லுபடியாகும் கூட்டாட்சி வாக்காளர் பதிவுப் படிவத்தோடு பாஸ்போர்ட் போன்ற குடியுரிமைச் சான்றைக் கட்டாயமாகக் கேட்க வேண்டும் என்றும், தேர்தல் நாளுக்குப் பிறகு வந்துசேரும் அஞ்சல் வாக்குகளை எண்ணும் மாநிலங்கள்மேல் நடவடிக்கை எடுத்து நிதியை நிறுத்த வேண்டும் என்றும் அது சொன்னது. பத்தொன்பது மாநிலங்கள் சேர்ந்து மாசசூசெட்ஸில் வழக்குத் தொடுத்தன. வாஷிங்டனும் பக்கத்து மாநிலமான ஒரிகனும் அந்தக் கூட்டத்தில் சேராமல், ஏப்ரல் 4 அன்று சியாட்டிலில் தனியாக வழக்குப் போட்டன. இரண்டும் முழுக்க முழுக்க அஞ்சல் வழியே வாக்களிக்கும் மாநிலங்கள் என்பதால் அந்த ஆணையின் அடி இவற்றின்மேல் வேறு விதமாக விழுந்தது. ஒரிகன் மக்கள் 1998-லேயே பொதுவாக்கெடுப்பில் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். வாஷிங்டனில் 2011-இல் எல்லாக் கவுண்டிகளும் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) அதற்கு வந்துசேர்ந்தன. இங்கே தேர்தல் நாள் அஞ்சல் முத்திரை இருந்தால் போதும், உறை இரண்டு நாள் கழித்து வந்தாலும் எண்ணுவார்கள். 2024 தேர்தலில் வாஷிங்டனில் மட்டும் அப்படிப் பிந்தி வந்து எண்ணப்பட்ட வாக்குகள் ஒரு லட்சத்துக்கும் மேல். அத்தனை பேரும் சட்டப்படி நடந்துகொண்ட குடிமக்கள்.

மாநில அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் நிக் பிரவுன் முன்வைத்த வாதத்தின் வேர் 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முதல் பிரிவில் இருக்கிறது. தேர்தலின் காலம், இடம், முறை ஆகியவற்றை ஒவ்வொரு மாநிலத்தின் சட்டமன்றமும் வகுக்கும். காங்கிரஸ், அதாவது இந்நாட்டு நாடாளுமன்றம், சட்டம் இயற்றி அவற்றை மாற்றலாம். அந்த வாக்கியத்தில் அதிபருக்கு இடமே இல்லை. நம் ஊரில் அரசமைப்பின் 324-ஆம் பிரிவு தேர்தலை ஒரே ஆணையத்தின் கையில் கொடுத்திருப்பதால், தில்லியிலிருந்து ஆணை வந்தால் தாசில்தார் அலுவலகம் வரை நடக்கும் என்று பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடுவதில்லை. இங்கே நாடு முழுவதற்கும் தேர்தல் நடத்தும் ஆணையம் என்று ஒன்று கிடையாது. இந்த மாநிலத்தின் 39 கவுண்டிகளும் தங்கள் வாக்குச்சீட்டைத் தாங்களே அச்சடித்து, தாங்களே அனுப்பி, தாங்களே எண்ணுகின்றன. கூட்டாட்சிப் படிவத்தைப் பராமரிக்க 2002-இல் காங்கிரஸ் உருவாக்கிய ஆணையத்தில் நான்கு உறுப்பினர்கள். ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் இருவருக்கு மேல் இருக்க முடியாது. ஒருவர் சொல்லுக்கு அது ஆடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள்.

இதில் மாநிலங்கள் எப்போதும் நல்லவை, மத்திய அரசு எப்போதும் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. தென் மாநிலங்கள் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பின மக்களை வாக்குச் சாவடிக்கு வெளியே நிறுத்தியபோது, 1965-இல் வாக்குரிமைச் சட்டம் இயற்றி அதை உடைத்தது காங்கிரஸ்தான். அரிசோனா தானாகவே கூட்டாட்சிப் படிவத்தோடு குடியுரிமைச் சான்று கேட்டபோதும், 2013-இல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் அதைத் தடுத்தது. காங்கிரஸ் வகுத்த படிவத்தை ஒரு மாநிலம் தன் விருப்பத்துக்கு மாற்ற முடியாது என்றால், அதிபரும் மாற்ற முடியாது என்பதுதான் நியாயம். 2026 ஜனவரி 9 அன்று சியாட்டில் நீதிபதி ஜான் சன், ஆணையின் முக்கியமான பிரிவுகளை வாஷிங்டன், ஒரிகன் மாநிலங்கள்மேல் செயல்படுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தார். அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. என் மாநிலம் எனக்காக நின்றது என்று உணர்ந்தேன்.

ஆனால் தம்பி, அந்த "எனக்காக" என்ற சொல்லில் நீங்கள் இன்னும் இல்லை. தேர்தல் விதியை எழுதும் பேனா யார் கையில் இருக்க வேண்டும் என்பதே வழக்கு. யார் வாக்களிக்கலாம் என்ற கேள்வி அதில் எழவே இல்லை. குடியுரிமை இல்லாதவர் கூட்டாட்சித் தேர்தலில் வாக்களிப்பது 1996 முதல் குற்றம். மேல்நீதிமன்றங்களில் இந்த வழக்கு எப்படிப் போனாலும் அது மாறப்போவதில்லை. சான்று கேட்காத படிவம் என்றால் எளிதான படிவம் என்று உங்கள் நண்பர் நினைத்துவிட்டார். சான்று கேட்காத இடத்தில் உங்கள் கையெழுத்தே சான்றாகிறது. "நான் அமெரிக்கக் குடிமகன், இது பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன்" என்று சத்தியம் செய்து கீழே கையெழுத்திடுகிறீர்கள். பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தாலாவது அந்த இடத்திலேயே நின்று, திரும்பி வந்திருப்பீர்கள்.

எனக்கு இது ஏன் இவ்வளவு பதைக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு பெல்வியூவில் நாங்கள் நான்கு பேர் இரண்டு அறை வீட்டில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். கார் கிடையாது. அக்டோபர் மாத மழையில் கடைக்கு நடந்து போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, வாசலில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த வயதான அம்மா ஒருவர், தேர்தல் வருகிறது, பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சிரித்த முகத்தோடு ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினார். நான்கு மாதமாக எங்களிடம் யாரும் அப்படி அன்பாகப் பேசியதில்லை. என்னோடு வந்த ஈரோட்டு நண்பர், மறுத்தால் மரியாதையாக இருக்காது என்று நின்று நிதானமாகப் பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். குடிமகன் என்ற உறுதிமொழி கீழே பொடி எழுத்தில் இருந்தது. "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா" என்று ஆம், இல்லை கட்டங்களோடு படிவத்திலேயே கேட்க வேண்டும் என்று சட்டம் வந்தது 2002-இல்தான். நான் கையெழுத்திடவில்லை. என் ஒரு கையில் பத்து கிலோ அரிசி, மறு கையில் பால் கேன். அது ஒன்றுதான் காரணம், தம்பி. விவரம் தெரிந்து விலகவில்லை.

அவர் ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. அட்டையை நிரப்பியதையே மறந்துபோனார். கிரீன் கார்டு வந்தது, வீடு வாங்கினார், இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். 2012-இல் குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது, என்-400 படிவத்தில் "எப்போதாவது வாக்காளராகப் பதிவு செய்ததுண்டா" என்ற கேள்வியைப் படித்ததும் அந்த மழை நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. நேர்மையானவர், ஆம் என்று எழுதினார். விண்ணப்பம் மறுக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி நுழையும்போது தடுக்கப்படலாம் என்று வழக்கறிஞர் எச்சரித்ததால், அவர் அப்பாவின் காரியத்துக்குக்கூடப் போகவில்லை. கணினித் திரையில் சிதையைப் பார்த்துக்கொண்டு எங்கள் வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு வருடத்தில் வீட்டை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கே போய்விட்டார்.

1996 செப்டம்பர் 30 முதல் இங்குள்ள சட்டம், குடிமகன் என்று பொய்யாகச் சொல்லிக்கொண்டவரை நாட்டுக்குள் அனுமதிக்கத் தகாதவர் என்று நிரந்தரமாக வைக்கிறது. நம்மைப் போல வந்தவர்களுக்குப் பொருந்தாத ஒரு குறுகிய விதிவிலக்கைத் தவிர, கிரீன் கார்டு கேட்பவருக்கு மன்னிப்புக்கு இடமில்லை. திருட்டு வழக்குக்குக்கூட நிலைமையைப் பொறுத்து மன்னிப்புக் கேட்க வழி உண்டு.

நாம் தவறே செய்யாவிட்டாலும் நம் பெயர் பட்டியலில் ஏறிவிடலாம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2024-இல் ஒரிகனில், குடியுரிமை நிரூபிக்காத 1,200-க்கும் மேற்பட்டோர் உரிம அலுவலகத்தின் பிழையால் தானாகவே வாக்காளர்களாகப் பதிவாகியிருந்தது வெளியே வந்தது. முன்பெல்லாம் இப்படிப்பட்ட பிழைகள் ஏதோ ஒரு கோப்பில் உறங்கும். 2025-இல் குடிவரவுத் துறை தன் சரிபார்ப்புத் தளத்தை விரிவாக்கியபின், வாக்காளர் பட்டியல்களை மொத்தமாக அதில் இட்டுப் பார்க்க முடிகிறது. பட்டியலை முழுதாகத் தரவில்லை என்று கூட்டாட்சி நீதித் துறை அதே ஆண்டு செப்டம்பரில் ஒரிகன்மேலும் டிசம்பரில் வாஷிங்டன்மேலும் வழக்குப் போட்டது. மாநிலம் ஒரு வழக்கில் வாதி, இன்னொன்றில் பிரதிவாதி. இரண்டு யானைகள் மோதும் இடத்தில் உங்கள் பெயர் ஒரு தாளில் கிடக்கக் கூடாது.

நம்மவர்களைப் பற்றி இரண்டு மனக்குறைகளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வந்து இருபது வருடமானவர்களே "வரி கட்டுகிறோம், உரிமை உண்டு" என்று புதிதாக வருபவர்களிடம் உறுதியாகச் சொல்கிறார்கள். வரிக்கும் வாக்குக்கும் இங்கே தொடர்பில்லை என்பது அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ளவும் முயல்வதில்லை. அடுத்தது, குடியுரிமை வாங்கிய பின்னும் வாக்களிக்காதவர்கள். பொங்கல் விழாவுக்கு மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருபவர்கள், வீட்டுக்கே வரும் வாக்குச்சீட்டை விளம்பரத் தாள்களோடு சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியர் முதல் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவ உடையில் இதே மாநிலத்தின் கேம்ப் லூயிஸில் இருந்தவர். 1918-இல் இங்கே கிடைத்த குடியுரிமையை, வெள்ளையர் அல்ல என்று நான்கே நாளில் பறித்தார்கள். ஒரிகனில் மீண்டும் வாங்கினார். 1923-இல் உச்ச நீதிமன்றம் அதற்கும் எதிராகத் தீர்ப்பளித்தது. இந்தியர்கள் குடியுரிமை பெறச் சட்டம் வழிவிட்டது 1946-இல்தான். அப்படிப் போராடிக் கிடைத்த உரிமையின் வாக்குச்சீட்டை இவர்கள் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகவும் வருத்தம்.

நான் 2014-இல் குடிமகன் ஆனேன். கல்லூரி நாளிலிருந்து தமிழில்தான் கையெழுத்திடுவேன், உரிமத்திலும் அப்படியே. 2016 தேர்தலில் அவசரத்தில் உறைமேல் ஆங்கில முதலெழுத்துகளைக் கிறுக்கி அனுப்பிவிட்டேன். ஒரு வாரத்தில் கவுண்டியிலிருந்து கடிதம் வந்தது: உறையில் உள்ள கையெழுத்து எங்களிடம் உள்ளதோடு பொருந்தவில்லை, இதில் மீண்டும் கையெழுத்திட்டு அனுப்புங்கள். தமிழ் அறியாத யாரோ ஒரு ஊழியர், என் பெயரின் நடுவில் உள்ள 'ழ' அங்கே இல்லை என்பதைக் கவனித்திருக்கிறார். நிதானமாக எழுதி அனுப்பினேன், வாக்கு எண்ணப்பட்டது. இந்த மாநிலம் தன் தேர்தல் முறையைக் காக்க நீதிமன்றம் போனபோது, எனக்கு அந்தக் கடிதம்தான் நினைவுக்கு வந்தது. கையெழுத்தை இவ்வளவு நம்புகிறவர்கள், இவ்வளவு கவனமாகவும் பார்க்கிறார்கள். ஈரோட்டு நண்பர் இன்றும் ஒவ்வொரு நவம்பரும் அழைத்து, "பெட்டியில் போட்டாச்சா?" என்று கேட்பார். போட்டுவிட்டேன் என்று சொன்ன பிறகுதான் வேறு பேச்சுக்குப் போவார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. கடை வாசலிலோ வீட்டு வாசலிலோ யார் படிவம் நீட்டினாலும், "நான் குடிமகன் அல்ல" என்று சொல்லுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நடுவர் (ஜூரி) பணிக்கு அழைத்து நீதிமன்றத்திலிருந்து கடிதம் வரலாம், உரிமம் வைத்திருப்போரின் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பார்கள். அதைத் தூக்கிப் போடாமல், குடிமகன் அல்ல என்ற கட்டத்தைக் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். உரிம அலுவலகத்தில் எந்தப் பொத்தானை அழுத்தினீர்கள் என்று உங்களுக்கே உறுதியில்லை என்பதால், இன்று மாலையே மாநிலத்தின் வாக்காளர் இணையதளத்தில் உங்கள் பெயரையும் பிறந்த தேதியையும் இட்டுத் தேடுங்கள். பதிவு இல்லை என்று வந்தால் அந்தத் திரையைத் தேதியோடு படமெடுத்து விசாத் தாள்களோடு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு இருப்பதாக வந்தால், வாக்குச்சீட்டு வந்தாலும் தொடாதீர்கள், நீங்களாகக் கடிதம் எழுதி நீக்கச் சொல்லவும் வேண்டாம். முதலில் ஒரு குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் எனக்கு எழுதுங்கள், நானே கூட வருகிறேன்.