மான் புழுக்கையும் மிளகும்

மதிப்பிற்குரிய ஐயா,

அஸ்ஸலாமு அலைக்கும். கிழக்கிலங்கையில் ஒரு பாடசாலையில் தரம் 10 மாணவர்களுக்கு அரபு இலக்கியம் கற்பிக்கிறேன். கஸீதா (நெடும்பாடல்), குத்பா (பிரசங்கம்), ரிஸாலா (கடித வடிவ உரைநடை), மகாமா (எதுகை உரைநடைக் கதை), ரிஹ்லா (பயண நூல்), நாவல் ஆகிய வகைகளை எந்த ஒழுங்கில் அறிமுகப்படுத்துவது? ஒவ்வொன்றுக்கும் வரைவிலக்கணமும் உதாரணமும் தந்து ஓர் அட்டவணை தயாரித்திருக்கிறேன். இம்ரவுல் கைஸின் முஅல்லகாவிலிருந்து (இஸ்லாத்துக்கு முந்தைய புகழ்பெற்ற கஸீதாக்களில் ஒன்று) ஐந்து அடிகள் எடுத்தேன். மான் புழுக்கை வரும் அடியை மட்டும் விட்டுவிட்டேன், பிள்ளைகள் சிரிப்பார்கள். மகாமாவின் நாயகன் ஏமாற்றுக்காரப் பிச்சைக்காரன் என்பதால் அதையும் சுருக்கிவிட்டேன். இது சரியா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள சகோதரிக்கு,

வஅலைக்கும் ஸலாம். அட்டவணை இருந்துவிட்டுப் போகட்டும், பரீட்சைக்கு உதவும். நாவலைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். எகிப்திய நாவலாசிரியர் நஜீப் மஹ்ஃபூஸுக்கு 1988இல் நோபல் பரிசு கிடைத்த செய்தி பிள்ளைகளுக்கு எப்படியும் வந்து சேரும். ஆனால் அந்த ஓர் அடியை வெட்டியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. சில வாரங்களாக நான் அதையே அசைபோட்டுக்கொண்டிருக்கும் வேளையில் உங்கள் கடிதம் வந்தது.

‘கிஃபா நப்கி’ என்று தொடங்குகிறான் 6ஆம் நூற்றாண்டுக் கவிஞன் இம்ரவுல் கைஸ். ‘கிஃபா’ என்பது இருவரை நோக்கிய ஏவல். இருமை இல்லாத தமிழில் ‘நீங்கள் இருவரும் நில்லுங்கள், அழுவோம்’ என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும். தகூல், ஹவ்மல் என்ற இரு இடங்களுக்கு இடையே, மணல்மேட்டின் விளிம்பில், காதலி வாழ்ந்து நீங்கிய இடம் அது. அங்கே முற்றங்களிலும் தாழ்நிலங்களிலும் வெண்மான்களின் புழுக்கை மிளகு மணிகளைப் போலக் கிடக்கிறது என்கிறான். அவன் வாயில் வரும் ‘ஃபுல்ஃபுல்’ (மிளகு) என்ற சொல் வடமொழிப் பிப்பலியிலிருந்து பாரசீகம் வழியாகப் போனது. நம் திப்பிலி அதற்கு உறவு. கடல் கடந்து, விலை கொடுத்து வாங்கிய பண்டத்தின் பெயரைப் பாழிடத்துப் புழுக்கைக்கு உவமையாக்கியபோது, அங்கே ஒருகாலத்தில் மணத்த சமையலையும் அவன் நினைத்திருப்பான் என்பது என் ஊகம்.

மதரஸாவில் இந்த அடியைக் கேட்டு நானும் வெடித்துச் சிரித்தவன்தான். எங்கள் ஆசிரியரான ஹஜ்ரத் பிரம்பை எடுக்கவில்லை. கிதாபை மூடிவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஒரு வீட்டுக்கு எங்களை அழைத்துச் சென்றார். வீட்டுக்காரர்கள் பிழைப்புக்காக வெளியூர் போய் ஆண்டுகள் ஆகியிருந்தன. பூட்டில் துரு, திண்ணை முழுக்க ஆட்டுப் புழுக்கை. அந்த வீட்டுப் பையன் எங்களோடு ஓதியவன். ஹஜ்ரத் ‘கிஃபா’ என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டு நின்றார். நான் திண்ணையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வெட்டியது இதைத்தான். பிள்ளைகளின் சிரிப்புக்கு அஞ்சும் ஆசிரியருக்குக் கவிதை கற்பிக்கும் துணிவு எங்கிருந்து வரும்? வகை என்பதை வரைவிலக்கணமாக மனனம் செய்ய வைக்கிறீர்கள். கவிஞன் முதலில் பாழிடத்தில் நிற்பான் என்று கஸீதா கேட்க அமர்ந்தவனுக்கு முன்பே தெரியும். அங்கே இவன் எதைக் காணப்போகிறான் என்பதற்காகவே அவன் காத்திருக்கிறான். இன்னொரு பழங்கவிஞரான லபீதும் தன் முஅல்லகாவில் அப்படித்தான் நிற்கிறார். ஆனால் வெள்ளம் அரித்து வெளிக்கொணர்ந்த தடயங்கள், மங்கிய எழுத்தின்மேல் எழுதுகோல் மீண்டும் ஓடியதுபோல் அவருக்குத் தெரிகின்றன. இரண்டு அடிகளையும் கரும்பலகையில் அருகருகே எழுதிப் போடுங்கள். கஸீதாவின் இந்தத் தொடக்கப் பகுதிக்குரிய நஸீப் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மகாமாவைச் சுருக்கியதும் தவறுதான், ஆனால் சிறிய தவறு. 1122இல் மறைந்த பஸ்ராவின் ஹரீரீ எழுதிய ஐம்பது மகாமாக்களில் முதலாவதைப் பாருங்கள். ஸன்ஆ நகரில் நாயகன் அபூ ஸைத் மரணத்தை நினைவூட்டி உபதேசிக்கிறான். கூட்டம் கலங்கிக் காசு கொடுக்கிறது. கதைசொல்லி பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், குகைக்குள் சுட்ட ஆட்டுக்குட்டியும் மதுவுமாக அமர்ந்திருக்கிறான். குத்பா எப்படி ஒலிக்கும் என்று அறியாத பிள்ளைக்கு இந்த நையாண்டி விளங்காது. ஆகவே குத்பாவை மகாமாவுக்கு முன் வையுங்கள். ஒழுங்கைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். முதலில் அந்த ஐந்து அடிகளை ஆறாக்குங்கள். வகுப்பு சிரித்தால், சிரித்து ஓயும்வரை பேசாமல் நில்லுங்கள்.