ஒரு நாணயத்தில் திறந்துகொள்ளும் கதவு

கேள்வி: வேறு மூவருடன் பகிர்ந்துகொண்டிருக்கும் வாடகை வீட்டில் எனக்கென்று தனி அறை இருக்கிறது. அதன் கதவில் இருப்பது குமிழ்ப் பூட்டு. உள்ளே பொத்தானை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். வெளிப்பக்கக் குமிழின் நடுவிலுள்ள சிறிய பிளவில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் யார் வேண்டுமானாலும் திறந்துவிடலாம் என்பது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது. உடன் தங்கியிருப்பவர் ஒருவர், நான் உறங்கிக்கொண்டிருந்தபோது அப்படித் திறந்து வந்து, மேசையிலிருந்த சார்ஜரை எடுத்துச் சென்றிருக்கிறார். கதவிலோ சுவரிலோ ஒரு துளைகூடப் போடக் கூடாது என்பது வீட்டு உரிமையாளரின் நிபந்தனை. இரவில் பயமின்றி உறங்க நான் என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சார்ஜரைத்தானே எடுத்தார், இதற்குப் போய் இவ்வளவு பதற்றமா என்று உங்களிடம் யாரேனும் சொல்லியிருக்கக்கூடும். அந்தப் பேச்சை நீங்கள் பொருட்படுத்த வேண்டாம். உறங்கிக்கொண்டிருக்கும் ஒருவரின் பூட்டிய அறையை அவர் அறியாமல் திறந்து, இன்னொருவர் உள்ளே வந்து நின்றிருக்கிறார். எடுத்துச் சென்ற பொருள் என்ன என்பது அதற்குப் பிறகுதான் வருகிறது.

உங்கள் பூட்டில் பழுது எதுவும் இல்லை. உள்ளே இருப்பவர் மயங்கி விழுந்தாலோ, குழந்தை தெரியாமல் பூட்டிக்கொண்டாலோ வெளியிலிருந்து உடனே திறக்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பிளவை வைத்திருக்கிறார்கள். குளியலறைக்கும் படுக்கையறைக்கும் பொதுவாகப் பொருத்தப்படும் இந்தப் பூட்டு, ‘உள்ளே ஆள் இருக்கிறார்’ என்று அறிவிப்பதற்கு உரியதே தவிர, வர நினைப்பவரைத் தடுப்பதற்கு உரியதன்று. ஆகவே தடுப்பை நீங்கள் தனியாகத்தான் ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

எதையும் வாங்குவதற்கு முன்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதை நீங்கள் குறிப்பிடவில்லை. அறைக்குள் நின்று பார்க்கும்போது கீலின் உருளைகள் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால், கதவு பெரும்பாலும் உள்நோக்கித் திறப்பதாக இருக்கும். தற்காலிகத் தடுப்புக் கருவிகளில் பெரும்பாலானவை உள்நோக்கித் திறக்கும் கதவுக்காகவே செய்யப்பட்டவை. வெளிநோக்கித் திறக்கும் கதவில் அவற்றால் ஒரு பயனும் இல்லை. இதைக் கவனியாமல் வாங்கிவிட்டு ஏமாந்தவர்கள் பலர்.

அடுத்ததாக, கதவை மூடிப் பூட்டிய நிலையில் அசைத்துப் பாருங்கள். கீல் திருகாணிகள் தளர்ந்திருந்தால் கதவு சற்றுத் தொங்கி, பூட்டின் நாக்கு கதவுநிலையிலுள்ள குழிக்குள் முழுவதும் இறங்காமல் நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். அத்தகைய கதவை நாணயம்கூட இல்லாமல் தோளால் ஓர் இடி இடித்தே திறந்துவிடலாம். இருக்கும் திருகாணிகளை முறுக்கிவிடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. நிலையில் நாக்கு விழும் இடத்திலுள்ள தகட்டின் திருகாணிகளையும் அப்போதே முறுக்கிவிடுங்கள்.

உள்நோக்கித் திறக்கும் கதவென்றால், முதலில் நான் சொல்வது ரப்பர் ஆப்பை. பார்ப்பதற்கு அற்பமான பொருளாகத் தோன்றும் இது வேலை செய்யும் விதம் அழகானது. வெளியிலிருந்து ஒருவர் தள்ளத் தள்ள, கதவின் அடிவிளிம்பு ஆப்பின் சரிவில் ஏறி அதைத் தரையோடு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட ஆப்பின் பிடியும் கூடுகிறது. தள்ளுபவரின் பலமே கதவை இறுக்கிவிடுகிறது என்று சொல்லலாம். ஆனால் ஆப்பைக் கீல் பக்கம் வைத்தால் பயனில்லை. கீலிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு வலுவாக அது தடுக்கும் என்பதால், குமிழுக்கு நேர்கீழே, கதவு திறக்கும் ஓரத்தை ஒட்டி வைத்துக் காலால் ஒருமுறை உந்திவிட வேண்டும். கதவுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்து, அதைவிட உயரமான ஆப்பாகப் பார்த்து வாங்குங்கள்.

நான் வாடகை அறையில் இருந்த காலத்தில் முதன்முதலாக ஆப்பு வாங்கி வைத்த அன்று, தோழியை வெளியே நிற்கவைத்துத் தள்ளச் சொன்னேன். வழவழப்பான டைல்ஸ் தரையில் கதவும் ஆப்பும் சேர்ந்தே நகர்ந்து வந்தன. தரையில் ஒரு கறுப்புக் கோடு விழுந்ததுதான் மிச்சம். குனிந்து ஆப்பைத் திருப்பிப் பார்த்தால், அதன் அடியில் மாவு பூசியதுபோல் தூசி. சோப்பு நீரில் ஆப்பைக் கழுவி உலர்த்தி, கதவடியில் ஒரு சாண் அகலத்துக்குத் தரையை ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு, மீண்டும் வைத்தேன். இம்முறை அவள் தோளைக் கொடுத்துத் தள்ளியும் கதவு அசையவில்லை. அதன் பிறகு வாரம் ஒருமுறை அந்த ஒரு சாண் இடத்தைத் துடைப்பதை நான் தவறவிட்டதேயில்லை. கதவைத் தள்ளினால் உரக்க ஒலியெழுப்பும் ஆப்புகளும் கிடைக்கின்றன. மின்கலத்தில் இயங்கும் அவற்றில் பல 120 டெசிபல் அளவுக்கு ஒலிப்பவை. ஆழ்ந்து உறங்குபவரையும் எழுப்பிவிடும். உங்கள் நிலையில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன், ஏனென்றால் போன மாதம் நடந்ததில் உங்களை மிகவும் உலுக்கியது, அவர் வந்து போனது உங்களுக்குத் தெரியாமல் இருந்ததுதான்.

தடித்த கம்பளம் விரித்த தரையில் ஆப்பு அமுங்கிப் பிடி தளர்ந்துவிடும். அங்கே முட்டுத்தண்டு பொருத்தமானது: மேல்முனையிலுள்ள கவை குமிழின் கழுத்துக்கு அடியில் பொருந்த, ரப்பர் பூண்ட கீழ்முனை தரையில் ஊன்றி நிற்கும். நாற்காலியைச் சாய்த்து முட்டுக் கொடுக்கிறோமே, அதன் திருத்தமான வடிவம்தான் இது. தண்டு தரையோடு மிகவும் படுத்திருந்தால் அடி வழுக்கும். மிகவும் நிமிர்ந்திருந்தால் தள்ளும் விசை குமிழை மேல்நோக்கி நெம்பும். இரண்டுக்கும் நடுவே, 45 பாகையிலோ அதைவிடச் சற்றே நிமிர்த்தியோ வைத்துச் சோதித்துப் பாருங்கள். குமிழுக்குப் பதிலாக நீளமான கைப்பிடி உள்ள கதவில் கவை நழுவிவிடக்கூடும் என்பதையும், குமிழே ஆடிக்கொண்டிருந்தால் முட்டு எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

பயணம் செய்வோர் எடுத்துச் செல்லும் தகட்டுப் பூட்டு ஒன்றும் உண்டு. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பூட்டின் நாக்கு விழும் குழிக்குள் அதன் வளைந்த பல்லை மாட்டிக் கதவை மூடினால், தகடு இடுக்கின் வழியே உள்ளே நீட்டிக்கொண்டு நிற்கும். அதிலுள்ள துளையில் தடுப்புக் கட்டையைச் செருகிவிட்டால் கதவு திறக்காது. கதவுக்கும் நிலைக்கும் இடையே தகடு நுழையும் அளவுக்கு இடுக்கு இருந்தால் மட்டுமே இதை நம்பலாம். இறுக்கமான கதவில் வலிந்து மூடினால் வண்ணப்பூச்சு பெயர்ந்து, முன்பணத்தில் கழித்துக்கொள்வதற்கு உரிமையாளருக்கு நீங்களே காரணம் கொடுத்ததாகிவிடும்.

கதவு வெளிநோக்கித் திறப்பதாக இருந்தால், கடைப்பொருளைவிடக் கம்பும் கயிறும் மேல். வாசலின் அகலத்தைவிட இருபுறமும் ஒரு சாண் நீளமான, வளையாத கம்பு ஒன்றை அறையின் உள்ளே நிலையின் குறுக்கே குமிழின் உயரத்தில் வைத்து, குமிழின் கழுத்தில் சுருக்கிட்ட கயிற்றை அதில் இழுத்துக் கட்டிவிட்டால், கதவை வெளியே இழுப்பவர் கம்பையும் நிலையையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். நைலான் கயிறு இழுவைக்கு நீண்டு கொடுக்கும் என்பதால் நீளாத கயிறாகப் பாருங்கள். கம்பின் முனைகளில் துணி சுற்றினால் சுவரில் தடம் விழாது. முடிச்சு ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சாக இருக்கட்டும்.

அப்படி ஏன் சொல்கிறேன் என்றால், தடுப்பை வைப்பதைவிட அதை எடுப்பதே முக்கியமானது என்று ஓர் இரவு அனுபவத்தில் அறிந்துகொண்டவள் நான். மின்சாரம் போயிருந்தது, எங்கோ ஒயர் கருகும் வாடை வந்து விழித்தேன். இருட்டில் தடவி ஆப்பைப் பிடித்து இழுத்தால் வரவில்லை. கதவைத் திறக்கும் அவசரத்தில் நானே அதை என் பக்கமாக இழுத்து, ஆப்பை மேலும் இறுக்கியிருந்தேன். கதவை முதலில் நன்றாக மூடினால்தான் ஆப்பு தளரும் என்பது நினைவுக்கு வர அரை நிமிடமாவது ஆகியிருக்கும்; அந்த அரை நிமிடத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மறுநாள் ஆப்பின் பின்புறத் துளையில் வெள்ளைக் கயிற்றை வளையமாகக் கட்டி, இருட்டில் கைக்கு அகப்படும்படி வைத்தேன். நீங்களும் எதை வைத்தாலும், விளக்கை அணைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, படுக்கையிலிருந்து எழுந்து சென்று அதை அகற்றி வெளியேறப் பத்து முறையாவது பழகுங்கள். அறையில் புகை எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கதவு தீயும் புகையும் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் உள்ளே இருப்பவர் விழித்தெழுந்தால்தான் அந்த அவகாசம் பயன்படும். வலிப்பு போன்ற உடல்நலக் குறை உங்களுக்கு இருக்குமானால், வெளியிலிருந்து திறக்கவே முடியாத தடுப்பை வைக்க வேண்டாம். ஒலியெழுப்பும் கருவியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கதவிலும் நிலையிலும் ஒட்டிக்கொள்ளும் காந்த உணர்வி அதற்குப் போதும். இரண்டு துண்டுகளும் விலகிய உடனே அது ஒலிக்கும். காலி செய்யும்போது ஹேர் டிரையரால் சூடுகாட்டி மெதுவாக உரித்தால், ஒட்டுப்பசை பெரும்பாலும் பூச்சைப் பெயர்க்காமல் வந்துவிடும்.

இதுவரை சொன்ன தடுப்புகளெல்லாம் நீங்கள் அறைக்குள் இருக்கும்போது மட்டுமே உதவும். நீங்கள் வெளியே சென்றிருக்கும் நேரத்துக்குத் தீர்வு ஒன்று உண்டு; அதையே எல்லாவற்றிலும் சிறந்ததாக நான் கருதுகிறேன். இப்போதுள்ள குமிழைக் கழற்றிவிட்டு, வெளியே சாவியும் உள்ளே பொத்தானும் உள்ள குமிழ்ப் பூட்டை அதே துளையில் பொருத்திக்கொள்வதே அது. புதிய துளை தேவையில்லை. பெரும்பாலானவற்றுக்கு ஒரு திருப்புளி போதும். கதவின் விளிம்பிலிருந்து குமிழ்த்துளையின் மையம் வரையுள்ள தூரத்தையும் (பெரும்பாலும் 60 அல்லது 70 மில்லிமீட்டர் இருக்கும்) கதவின் தடிப்பையும் அளந்துகொண்டு வாங்கினால் பொருந்திவிடும். உள்ளிருந்து சாவி இல்லாமலே திறக்கக்கூடியதாக இருப்பது கட்டாயம். கழற்றிய பழைய பூட்டை அதன் திருகாணிகளோடு ஒரு பையில் போட்டு வைத்திருந்து, காலி செய்யும் நாளில் பழையபடி மாட்டிவிடலாம்.

உடன் தங்கியிருக்கும் அந்த நபரிடம், நான் கதவைத் திறந்தாலொழிய உள்ளே வரக் கூடாது என்று பகலில், மற்ற இருவரும் இருக்கும்போது, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட வேண்டியவர் நீங்கள் அல்லர். அதன் பிறகும் அவர் குமிழைத் திருப்பிப் பார்த்தால், அது மறதியும் அன்று, உரிமையும் அன்று. நாளையும் நேரத்தையும் குறித்துவையுங்கள், உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள், வேறிடம் தேடவும் தயங்காதீர்கள். ஆப்பும் தண்டும் உங்களுக்குச் சில நிமிடங்களைத்தான் வாங்கித் தரும். அந்த நிமிடங்களில் காவல்துறையை அழைக்கத் தொலைபேசி மின்னேற்றத்துடன் தலையணையருகே இருக்க வேண்டும்.

பூட்டு மாற்றுவதற்கான அனுமதியை வாய்மொழியாகக் கேட்க வேண்டாம். ‘இப்போதுள்ள துளையிலேயே, புதிய துளை எதுவும் போடாமல், என் செலவில் சாவிப் பூட்டு பொருத்திக்கொள்கிறேன், ஒரு சாவியை உறையிலிட்டு ஒட்டி உங்களிடம் தந்துவிடுகிறேன், காலி செய்யும்போது பழைய பூட்டையே மாட்டிவிடுகிறேன்’ என்று எழுதி, அந்த நாணயப் பிளவின் படத்தையும் உடன் இணைத்து அனுப்புங்கள்.