வைரஸுக்குப் பன்மை ‘வைரி’யா?

கேள்வி: பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். ‘அலும்னஸ்’ (முன்னாள் மாணவர்) என்பதன் பன்மை ‘அலும்னி’ என்றால், ‘வைரஸ்’ என்பதன் பன்மை ‘வைரி’தானே? ஆங்கிலத்தில் கடைசியில் இரண்டு ‘ஐ’ போட்டு (virii) எழுதுவோரும் இருக்கிறார்கள். எது சரி?

இரண்டுமே வேண்டாம். தமிழில் வைரஸ்கள், ஆங்கிலத்தில் வைரஸஸ் என்று தயங்காமல் எழுதுங்கள்.

அலும்னுஸ் லத்தீனில் ஆண்பால் சொல்; அதனால்தான் பன்மையில் ‘அலும்னீ’ ஆகிறது. வீருஸ் (லத்தீன் உச்சரிப்பு இதுதான்) அதே ‘உஸ்’ ஈற்றில் முடிந்தாலும் ஆண்பாலும் பெண்பாலும் அல்லாத, அஃறிணை போன்ற பால். அந்தப் பாலில் எழுவாய்க்கும் இரண்டாம் வேற்றுமைக்கும் ஒரே வடிவம். நாமும் ‘தண்ணீர் குடித்தான்’ என்று உருபில்லாமல் சொல்கிறோம் அல்லவா, அதுபோல. ஆறாம் வேற்றுமையில்தான் ‘வீரீ’ வருகிறது. அதற்கு ‘நஞ்சினுடைய’ என்று பொருள், ‘நஞ்சுகள்’ அல்ல. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் லுக்ரீஷியஸ், கடல்நீர் மண்ணில் கசிந்து இனிப்பதைச் சொல்லும் இடத்தில், மேலே தங்கிவிடும் கரிப்புக்கு இந்த ‘வீரீ’யைத்தான் ஆள்கிறார். முதலெழுத்தைக் குறிலாக்கி ‘விரீ’ என்றால் ‘ஆண்கள்’ என்று பொருளாகிவிடும்! குறில் நெடில் பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்கவே வேண்டாம். இரட்டை ‘ஐ’ வர வேண்டுமானால் எழுவாய் ‘வீரியுஸ்’ என்று இருக்க வேண்டும். நம் சொல் அதுவல்ல.

பழைய லத்தீன் நூல்களில் இதற்குப் பன்மையே காணோம். நஞ்சு, பிசுபிசுப்பான சாறு, நாற்றநீர் என்று அளக்கக்கூடிய, எண்ண முடியாத பொருளையே அது குறித்தது.

பிறப்பைச் சொன்னால் மாணவர்கள் மறக்க மாட்டார்கள். வீருஸும் சமஸ்கிருத ‘விஷ’மும் ஒரே வேரில் கிளைத்தவை. இரு உயிரெழுத்துகளுக்கு நடுவே வரும் ‘ஸ’ லத்தீனில் ‘ர’வாகத் திரியும். பூவைக் குறிக்கும் ‘ஃப்ளோஸ்’ ஆறாம் வேற்றுமையில் ‘ஃப்ளோரிஸ்’ ஆவதும் இப்படித்தான். தமிழுக்கு வந்த விஷமோ ‘விடம்’ ஆயிற்று. கரும்பலகையில் வீருஸ், விஷம், விடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

1898இல் புகையிலைத் தேமல் நோயை ஆராய்ந்த டச்சு அறிவியலாளர் பெயரின்க், வடிகட்டியிலும் தங்காத அந்தக் கிருமியை ‘உயிருள்ள தொற்றுத் திரவம்’ என்றே கருதினார். வைரஸ் என்ற பெயர் அதற்குப் பொருந்தியது. 1935இல் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி அதையே படிகமாக்கிக் காட்டினார். திரவம் என்று நினைத்தது துகளாக, எண்ணக்கூடியதாக மாறியது. இப்படி எண்ணும் பொருளுக்குப் பன்மை தேவைப்பட்டது நவீன காலத்தில்தான். அப்போது லத்தீன் யாருக்கும் தாய்மொழியாக இல்லை.