ஆற்றங்கரைப் பூங்காவுக்குப் பறவை வர என்ன மரம் நடலாம்?

கேள்வி: கும்பகோணத்தில் அரசலாற்றை ஒட்டி எங்கள் தெரு இருக்கிறது. கரைப் புதரை வெட்டி, புல்தரை போட்டுப் பூங்கா ஆக்கப் போகிறோம். பறவைகள் நிறைய வர என்ன மரம் நடலாம்?

மரத்தை அப்புறம் பார்ப்போம், முதலில் அந்தப் புதரை வெட்டாதீர்கள். விடியற்காலையில் நாணல் ஓரமாகப் பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள், வெள்ளை மார்போடு ஒரு கானாங்கோழி குட்டை வாலை ஆட்டிக்கொண்டே வெளியே வரும், ஆள் அசைந்தால் சட்டென்று உள்ளே ஓடிவிடும். ஒளிய இடமில்லாத புல்தரையில் அது தங்காது. செம்போத்தும் அப்படித்தான். கடைசியில் மைனாவும் காக்கையும்தான் மிஞ்சும்.

புதரைவிட எனக்கு மண்கரை பற்றித்தான் கவலை அதிகம். மீன்கொத்தியும் பஞ்சுருட்டானும் மரத்தில் கூடு கட்டுவதில்லை, செங்குத்தான கரையில் பொந்து குடைந்துதான் முட்டையிடும். பொந்து வாசலின் அடியில் இரண்டு சின்னப் பள்ளம் கோடு போட்டதுபோல ஓடினால் அது பறவையின் கால் பட்டுத் தேய்ந்த தடம், உள்ளே குடித்தனம் நடக்கிறது, உடனே விலகி வந்துவிடுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறப்பதால் அதற்கு முந்தைய கோடையில்தான் தூர்வார பொக்லைன் இறங்கும், பஞ்சுருட்டான் குஞ்சு பொரிப்பதும் அதே கோடையில்தான்! அதனால் பொந்துள்ள இடத்தில் ஒரு முப்பது அடியாவது கரையைச் சரிக்காமல், கல் பதிக்காமல் விடச் சொல்லிக் கேளுங்கள்.

நாணல் மண்டி இடைஞ்சலாக இருந்தால், தண்ணீர் நின்றபிறகு பிப்ரவரியில் பாதியை வெட்டுங்கள், மீதியை அடுத்த வருடம்.

சரி, மரம். அத்தி, நாவல், நீர்மருது. அத்தி பழுத்தால் குக்குறுவான், மாங்குயில், குயில் எல்லாம் தேடி வரும், ஒரே மரம்தான் நடமுடியும் என்றால் அத்தியையே நடுங்கள். கரையில் பனை நின்றால் தொங்கும் காய்ந்த மட்டைகளைக் கழிக்க வேண்டாம், அந்த ஓலையின் அடிப்பக்கம்தான் பனை உழவாரன் எச்சிலால் கூட்டை ஒட்டிவைக்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா கூட்டங்களை இங்கே எதிர்பார்க்காதீர்கள், அதற்கு நவம்பருக்குப் பிறகு வடுவூர் ஏரிக்குப் போகலாம்.

நடைபாதையையும் விளக்கையும் தெருப் பக்கமாகவே வையுங்கள்.