எடை அதிகம், ஆனால் ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். அப்படியும் நோய் வருமா?

கேட்டவர் தன் உயரம் 170 செ.மீ., எடை 90 கிலோ என்று எழுதியிருக்கிறார். சர்க்கரை, பிரஷர், கொழுப்பு மூன்றும் சரியாக இருக்கிறதாம். அப்படியென்றால் 'குண்டாக இருந்தால் நோய் வரும்' என்பதெல்லாம் சும்மா பயமுறுத்தலா என்று கேட்கிறார்.

பயமுறுத்தல் இல்லை. உங்கள் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, 31 வருகிறது. உலக சுகாதார நிறுவனக் கணக்கில் 30-ஐத் தாண்டினாலே உடல்பருமன்தான். பிரிட்டனில் சுமார் 35 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளைப் பார்த்து 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதில் உங்களைப் போலவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எதிலும் கோளாறு இல்லாத பருமனானவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் சரியான எடை உள்ளவர்களைவிட மாரடைப்பு போன்ற இதயநோய் ஏறக்குறைய பாதி மடங்கு கூடுதலாக வந்திருந்தது. ரிப்போர்ட் சொல்வது இன்றைய நிலவரம், அவ்வளவுதான்.

எடை எவ்வளவு என்பதைவிட அது எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம். தொடையிலும் தோலுக்கடியிலும் சேரும் கொழுப்பு அவ்வளவாகத் தொந்தரவு தராது. வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேருவதுதான் வில்லன். அங்கிருந்து கொழுப்பு அமிலங்கள் கல்லீரலுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. அழற்சியைத் தூண்டும் பொருள்களும் ரத்தத்தில் கலக்கின்றன. இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைகிறது. கணையம் கூடுதலாக இன்சுலின் சுரந்து சமாளிக்கும். சமாளிக்கிற வரைக்கும் ரிப்போர்ட்டில் சர்க்கரை நார்மல்தான்! அதனால் எடைமிஷினோடு ஒரு டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். இடுப்புச் சுற்றளவு உங்கள் உயரத்தில் பாதிக்குள், அதாவது 85 செ.மீ.க்குள் இருப்பது நல்லது. தெற்காசியர்களுக்குக் குறைந்த பிஎம்ஐயிலேயே சர்க்கரை நோய் வருவதால் நமக்கெல்லாம் 23-லிருந்தே கவனம் தேவை என்கிறார்கள்.

அடுத்து, நீங்கள் செய்த பரிசோதனைகளில் தெரியாதவை. ஃபேட்டி லிவர் அதில் ஒன்று. கல்லீரலில் கொழுப்பு படிந்திருந்தாலும் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை நார்மலாகவே வரலாம், வலியும் இருக்காது. பலருக்கு வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கும்போதுதான் தெரியவருகிறது. எல்லாருக்கும் அது முற்றிவிடாது. ஆனால் சிலருக்கு வீக்கம், தழும்பு, கடைசியில் கல்லீரலே இறுகிப்போகும் சிரோசிஸ் என்று நகரும், மது தொடாதவராக இருந்தாலும்.

இன்னொன்று எனக்கே வந்தது: தூக்கத்தில் மூச்சு நின்றுபோவது, ஸ்லீப் ஆப்னியா. அப்போது என் ரத்தப் பரிசோதனையும் உங்களுடையதைப் போல அழகாகத்தான் இருந்தது. குறட்டையை வீட்டில் எல்லாரும் கிண்டல் செய்து பழகிவிட்டார்கள். என் மனைவிதான் ஒருநாள், "குறட்டை கூடப் பரவாயில்லைங்க, அது திடீர்னு நின்னு போகுது பாருங்க, அதுதான் பயமா இருக்கு" என்றாள். தூங்கியதும் தொண்டைத் தசைகள் தளரும். கழுத்திலும் நாக்கிலும் கொழுப்பு சேர்ந்திருந்தால் மூச்சுப்பாதை அடைபடும். ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறி உலுக்கி எழுப்பும், நமக்கு நினைவே இருக்காது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் அது கடுமையான வகை. ஸ்லீப் ஸ்டடியில் நான் அந்தப் பட்டியலில் இருந்தேன். ஒவ்வொரு முறையும் ரத்த அழுத்தம் எகிறுகிறது. காலையில் தலைவலி, பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குவது, சீரற்ற இதயத்துடிப்பு எல்லாம் இதன் வால் பிடித்து வரும். இப்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சிபேப் மெஷினோடு தூங்குகிறேன். பார்க்க விண்வெளி வீரர் மாதிரி இருக்கும், தூக்கம் என்னவோ அருமை.

மூட்டு பற்றி உங்களுக்கே தெரியும். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் எடையே தாங்காத விரல் மூட்டுகளிலும் பருமனானவர்களுக்குத் தேய்மானம் கூடுதலாக வருகிறது. வெறும் பாரம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

பலருக்குத் தெரியாதது புற்றுநோய்த் தொடர்பு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-ல் 13 வகைப் புற்றுநோய்களை அதிக எடையோடு சேர்த்துச் சொன்னது: கருப்பை, பெருங்குடல், சிறுநீரகம், கணையம், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைத் தயாரிக்கிறது. கருப்பையும் மார்பகமும் பட்டியலில் வர அது ஒரு முக்கியக் காரணம். மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு வந்தால் அது கருப்பைப் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம், தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கவுட் எனும் யூரிக் அமில மூட்டுவலி, பித்தப்பைக் கல், கருத்தரிப்பதில் சிக்கல், கர்ப்பகாலச் சர்க்கரை என்று பட்டியல் இன்னும் நீளும். இதில் ஏதாவது ஒன்று உங்களுக்கு வந்தே தீரும் என்று யாரும் சொல்ல முடியாது. மரபு, தைராய்டு, ஸ்டீராய்டு மாத்திரை என எடைக்கு ஆயிரம் காரணங்கள் இருப்பதால் 'வாயைக் கட்டு' என்று திட்டுவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. காது வலி என்று போனால்கூட "எடையைக் குறைங்க" என்று அனுப்பிவிடும் மருத்துவர்கள் இருக்கிறார்கள், அவர்களையும் நம்பாதீர்கள்.

சரி, எவ்வளவு குறைத்தால் பலன்? 2002-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், சர்க்கரை வரும் விளிம்பில் இருந்தவர்களுக்கு 7 சதவீத எடைக்குறைப்பும் வாரம் 150 நிமிட உடற்பயிற்சியும் இலக்காகக் கொடுத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு அது 6 கிலோ சொச்சம். மாதங்கள் எடுத்து மெதுவாகக் குறையுங்கள். பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் அதுவே பித்தப்பைக் கல்லைக் கொண்டுவரலாம். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது கல்லீரல் ஸ்கேன் தேவையா என்று கேளுங்கள். குறட்டை உண்டா என்று வீட்டில் இருப்பவர்களிடமும் கேளுங்கள், அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.