பூச்சு வேலைக்கு முன்பே கேளுங்கள்

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்வி பதில்

(பதில் தருபவர் கோவை வட்டாரத்தில் வீட்டு வயரிங் வேலைகளை ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர்.)

கேள்வி: ஐயா, 1,200 சதுர அடியில் மாடியுடன் வீடு கட்டி வருகிறோம். மேல்தளத்துக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. அடுத்த வாரம் சுவரை வெட்டிப் பைப் புதைக்கப் போகிறார்கள். விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போனிலேயே இயக்கும்படி செய்துவிடலாம் என்று பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் சொல்கிறான். இப்போது அதற்கெல்லாம் கையில் பணம் இல்லை. குடிபோன பிறகு வாங்கிப் பொருத்திக்கொள்ளலாமா?
வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: தாராளமாகப் பிறகு வாங்கலாம் அம்மா. இன்றைக்கு ஒரு கருவியையும் வாங்கவேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். இந்தக் கருவிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. நீங்கள் குடிபோகும்போது இதைவிட நல்லது கிடைக்கும். ஆனால் அடுத்த வாரம் சுவருக்குள் போகிற பைப்பும் வயரும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அங்கேயே கிடக்கும். ஆகவே இருக்கிற பணத்தைச் சுவருக்குள் போடுங்கள். அதற்குப் பெரிய தொகை ஆகாது. எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது நியூட்ரல், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வயர். நம் ஊர் வயரிங்கில் சுவிட்சுக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் ஃபேஸ் வயர் மட்டும் வந்து, அங்கிருந்து விளக்குக்குப் போகும். விளக்குக்கான நியூட்ரல் சுவிட்ச் பக்கமே வராமல் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து நேராக விளக்குக்குப் போய்விடும். சாதாரண சுவிட்சுக்கு இது போதும். போனில் இயங்கும் சுவிட்சோ விளக்கு அணைந்திருக்கும்போதும் விழித்திருந்து கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். அதற்கு அதன் உடம்பிலும் மின்சாரம் ஓட வேண்டும், அதாவது ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் வேண்டும். நியூட்ரல் இல்லாமல் இயங்கும் சுவிட்சுகளும் விற்கின்றன. அவை விளக்கின் வழியாகவே சிறிதளவு மின்சாரத்தை இழுத்துக்கொள்வதால், குறைந்த வாட் எல்இடி பல்புகள் அணைத்த பிறகும் மங்கலாக எரியும், அல்லது மினுக்கும். புது வீட்டில் இந்தத் தொல்லை எதற்கு?

பிளக் பாயிண்டும் சுவிட்சும் ஒரே போர்டில் இருந்தால் நியூட்ரல் அங்கே ஏற்கெனவே இருக்கும். வெறும் சுவிட்ச் மட்டும் வரும் இடங்களில்தான் விட்டுப்போகும்: மாடிப்படி, குளியலறை வாசல், கட்டில் தலைமாடு, முன்வாசல். மாடிப்படியில் கீழே ஒன்று மேலே ஒன்று என்று டூ-வே சுவிட்ச் போடுவார்களே, அங்கே பெரும்பாலும் இரண்டு பாக்ஸிலுமே நியூட்ரல் இருக்காது. இரண்டில் ஒன்றுக்காவது கொண்டுவரச் சொல்லுங்கள். “எல்லாச் சுவிட்ச் பாக்ஸிலும் ஒரு கறுப்பு வயர் இருக்க வேண்டும், இப்போது தேவைப்படாவிட்டால் முனையை மூடிச் சுருட்டி வையுங்கள்” என்று சொன்னாலே அவருக்குப் புரிந்துவிடும். கூடவே இன்னொன்றையும் சொல்லுங்கள்: அந்த நியூட்ரல், அதே விளக்குகளுக்குப் போகும் சர்க்யூட்டின் நியூட்ரலாகவே இருக்க வேண்டும். அருகில் இருக்கிறதே என்று வேறு ஆர்சிசிபியின் (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) கீழ் வரும் நியூட்ரலை இழுத்து இணைத்தால், ஆர்சிசிபி ட்ரிப் ஆகலாம். காரணம் தேடி ஆள்மாற்றி ஆள் வந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பாக்ஸைக் கொஞ்சம் ஆழமானதாக வாங்குங்கள். பிற்காலத்தில் உங்கள் மகன் வாங்கும் கருவி பெரும்பாலும் சாதாரண சுவிட்சுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் தீப்பெட்டி அளவு ரிலேவாக, அதாவது கட்டளை வந்ததும் தானே போட்டு அணைக்கும் சிறு சுவிட்சாக இருக்கும். அதைத்தான் நான் பரிந்துரைக்கிறேன். சுவரில் தெரிவது எப்போதும்போல் தட்டிப் போடும் சுவிட்ச். உங்கள் மாமியாருக்கும், ஊரிலிருந்து வரும் விருந்தாளிக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டாம். ரிலே பழுதானால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நேராக வயரை இணைத்தால் பழைய சுவிட்ச் பழையபடி வேலை செய்யும். கண்ணாடித் தொடுபலகைச் சுவிட்சுகள் கடையில் அழகாகத்தான் இருக்கின்றன. பழுதானால் அதே அளவில், அதே கம்பெனிப் பலகை கிடைத்தாக வேண்டும். இருட்டில் கையால் தடவிக் கண்டுபிடிக்கவும் முடியாது. வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு அது வேண்டாம்.

அடுத்தது இணையக் கம்பி. கூடத்திலிருந்து மாடிக்கும், டிவி இடத்துக்கும், கேமரா வைக்க நினைக்கும் வெளி மூலைகளுக்கும் தனிப் பைப் போட்டு கேட்-6 கம்பி இழுத்துவிடுங்கள். மின்சார வயர் போகும் பைப்பிலேயே அதையும் திணிக்க விடாதீர்கள். கம்பி வாங்கப் பணம் இல்லையென்றால் வெறும் பைப்பைப் போட்டு, உள்ளே ஒரு நைலான் கயிறு விட்டு வையுங்கள். கம்பியைப் பிறகு அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம். கான்கிரீட் தளத்தைத் தாண்டி வைஃபை மாடிக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. மாடியில் இரண்டாவது ரவுட்டர் வைக்கும் நாளில் இந்தக் கம்பியின் அருமை தெரியும். வாசல் கேட்டுக்கும் ஒரு காலிப் பைப், ஜன்னல் திரைக்கு மேலே ஒரு பிளக் பாயிண்ட். முடிந்தால் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரவுட்டர் வைக்கும் இடத்தில் இன்வெர்ட்டர் லைனில் ஒரு பாயிண்ட் கட்டாயம் வேண்டும். மின்வெட்டில் விளக்கு எரிந்து ரவுட்டர் அணைந்துவிட்டால், போனில் இயங்கும் வீடு பாதி உயிர்தான்.

பூச்சு வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அளவுகோலை ஓரமாகச் சாத்தி வைத்து எடுத்தால் இன்னும் நல்லது. படம் மாட்ட ஆணி அடிக்கும்போதெல்லாம் அது உதவும்.

கேள்வி: ஸ்மார்ட் சுவிட்ச் வாங்கப் போனால் வைஃபை, ஜிக்பீ, மேட்டர் என்று கடைக்காரர் அடுக்குகிறார். எதை வாங்குவது? நான் வாங்கிய கம்பெனி நாளை மூடிவிட்டால் என்ன ஆகும்?
வாசகர், ஓசூர்

பதில்: உங்கள் இரண்டாவது கேள்விதான் முதலில் கேட்க வேண்டியது தம்பி. இது வெறும் பயமில்லை, நடந்திருக்கிறது. அமெரிக்காவில் வீட்டுக் கருவிகளைப் போனில் இயக்க உதவும் ரிவால்வ் என்றொரு மையக் கருவி இருந்தது. நெஸ்ட் நிறுவனம் அதை 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் அதன் சர்வரை, அதாவது அதை இயக்கிவந்த தொலைதூரக் கணினியை நிறுத்தியதும், 299 டாலர் கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பாதான் மிஞ்சியது. 2022 ஏப்ரலில் இதேபோன்ற கருவிகளை விற்ற இன்ஸ்டியான் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பே இல்லாமல் நின்றன. ஆனால் அதில் நாம் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. சர்வரை நம்பியிருந்த போன் செயலி செத்துப்போனாலும், ஒன்றோடொன்று நேரடியாக இணைத்து வைத்திருந்த சுவிட்சுகள் தொடர்ந்து வேலை செய்தன.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “இணையம் இல்லாதபோது இது இயங்குமா?” வாயால் சொன்னால் நம்பாதீர்கள். ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிட்டு, போனின் மொபைல் டேட்டாவையும் அணைத்துவிட்டு, வைஃபையில் விளக்கைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். எரிந்தால் வாங்கலாம். எரியாவிட்டால், கூடத்து விளக்குக்குப் போட்ட கட்டளை எங்கோ தொலைவில் இருக்கும் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறது என்று பொருள்.

மேட்டர் என்பது பல நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த பொது விதிமுறை. அதன் முதல் பதிப்பு 2022 அக்டோபரில் வந்தது. வீட்டு வலைப்பின்னலுக்குள்ளேயே இயங்குவது அதன் அடிப்படை. விலை ஒத்துவந்தால் அந்த முத்திரை உள்ளதை வாங்குங்கள். நான்கைந்து கருவிகளோடு தொடங்குபவருக்கு வைஃபையே போதும். இவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும் என்பதை நினைவில் வையுங்கள், “இணையவே இல்லை” என்று வரும் புகார்களில் நிறைய இதனால்தான். வீடு முழுக்கச் செய்வதென்றால் சாதாரண ரவுட்டர் திணறத் தொடங்கும். அப்போது வைஃபை இல்லாமல் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஜிக்பீ நல்லது. அதற்கென்று ஒரு மையக் கருவி வேண்டும். வெளிநாட்டிலிருந்து யாராவது ஜிக்பீ போன்ற இன்னொரு முறையான இசட்-வேவ் கருவி வாங்கி வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது நாட்டுக்கு நாடு வேறு அலைவரிசையில் இயங்குவது. அமெரிக்கக் கருவி 908 மெகாஹெர்ட்ஸ், இந்தியாவுக்கு உரியது 865. இரண்டும் பேசிக்கொள்ளாது.

கணினியில் கைவைக்கத் தயங்காதவர் என்றால் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள். பவுலஸ் ஸ்கௌட்சன் என்பவர் 2013இல் தொடங்கியது. பழைய கணினியிலோ ராஸ்ப்பெரி பை என்ற கையடக்கக் கணினியிலோ ஓடும். வெவ்வேறு கம்பெனிக் கருவிகளை ஒரே இடத்தில் சேர்த்து, வீட்டுக்குள்ளேயே கட்டளையிடலாம். பொறுமை வேண்டும், ஆனால் வீடு உங்கள் கையில் இருக்கும்.

கேள்வி: அம்மா மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார், தொட்டி நிரம்பி வழிகிறது. 16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் 1 எச்பி மோட்டாரை மாட்டி, நேரம் வைத்து நிறுத்தலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்த 16 ஆம்பியர் என்பது ஹீட்டர், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றுக்கான கணக்கு. 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் எடுக்கும், அதற்கு அந்தப் பிளக் தாங்கும். மோட்டார் வேறு சாதி. ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப்போல் ஐந்தாறு மடங்கு, தொடங்கும் கணத்தில் இழுக்கும். திரும்பத் திரும்ப அந்த அடி விழுந்தால் பிளக்கின் உள்ளே இருக்கும் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் போனில் ‘ஆஃப்’ என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். நிறுத்துவதற்காக வாங்கியதே நிறுத்தவிடாமல் செய்துவிடும்.

சரியான வழி, மோட்டாரின் பளுவைக் கான்டாக்டர் (அதிக மின்னோட்டத்தைத் தாங்கும் பெரிய மின்காந்தச் சுவிட்ச்) சுமக்க வேண்டும். ஸ்மார்ட் கருவி அந்தக் கான்டாக்டரின் சுருளுக்கு மட்டும் கட்டளை தர வேண்டும். ஆழ்துளைக் கிணற்று மோட்டார் என்றால் பேனலைப் பாருங்கள். பச்சைப் பொத்தானை அழுத்திப் பிடித்துத் தொடங்கும் பேனலாக இருந்தால் வெறும் ரிலேயால் அதைத் தொடங்கவே முடியாது. அந்த வகைக்கென்று விற்கும் தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியைத்தான் போட வேண்டும்.

நேரம் வைத்து நிறுத்துவதையும் நான் ஏற்கமாட்டேன். வோல்டேஜ் குறைந்த நாளில் தொட்டி பாதிகூட நிரம்பாது. தொட்டியில் நீர்மட்ட உணரி, கீழே சம்ப் இருந்தால் அதிலும் ஒன்று. நிரம்பினால் நிற்க வேண்டும், கீழே தண்ணீர் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். இரண்டாவது இல்லாமல் முதலாவதை மட்டும் செய்தால், கோடையில் மோட்டார் வறண்டு ஓடிக் காயில் கருகிவிடும். நம் வீடுகளில் எதையாவது தானியங்கியாக்க வேண்டுமென்றால் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கூடத்து விளக்கு நிறம் மாறுவதெல்லாம் அப்புறம். இதற்கு இணையமோ போனோ தேவையே இல்லை. பேனலில் கையால் இயக்கும் சுவிட்சும் இருக்கட்டும், அம்மா எப்போதும்போல் அதைத் தொடலாம்.

கேள்வி: பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் கொண்டது) வாங்கினோம். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்மார்ட் ரெகுலேட்டரில் இணைக்கலாமா?
வாசகி, காரைக்குடி

பதில்: கூடாது. அந்த ஃபேனுக்குள்ளேயே வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பலகை இருக்கிறது. அதற்கு எப்போதும் முழு மின்சாரம் வேண்டும். வெளியே இன்னொரு ரெகுலேட்டர் வைத்தால் பலகை போய்விடும். பழைய ரெகுலேட்டர் சுவரில் இருந்தால் அதையும் நீக்கிவிட்டு நேராக இணைக்கச் சொல்லுங்கள். ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிர் அனுப்பும் சிறு கருவி ஒன்றை அறையில் வைத்து போன் மூலம் இயக்கலாம். பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும் இடத்தில் இது 30 வாட் அளவில் முடித்துவிடும். உங்கள் மின் கட்டணத்தில் தெரிகிற மாற்றம் அதனால்தான் வரும், ஸ்மார்ட் சுவிட்சால் வராது.

கேள்வி: நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால் ஸ்மார்ட் பல்புகள் எல்லாம் தாமாகவே எரிகின்றன. குழந்தை விழித்துக்கொள்கிறது.
வாசகர், விருதுநகர்

பதில்: செயலியின் அமைப்புகளில் ‘மின்சாரம் திரும்பும்போது’ என்ற பொருளில் ஒரு தேர்வு இருக்கும். அதை ‘முந்தைய நிலை’ என்று மாற்றுங்கள். அந்தத் தேர்வே இல்லாத பல்பாக இருந்தால் படுக்கையறையிலிருந்து கழற்றி வராந்தாவில் போடுங்கள்.

கேள்வி: சமையலறையில் கேஸ் கசிந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் தானாகவே ஓடும்படி அமைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
வாசகி, தஞ்சாவூர்

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் பதறிவிட்டேன். வேண்டாம் அம்மா. கசிந்த கேஸ் நிறைந்த அறையில் சாதாரண ஃபேன் மோட்டாரோ ரிலேயோ இயங்கும்போது எழும் சிறு பொறி போதும், தீப்பற்ற. விளக்கைப் போடவும் கூடாது, எரியும் விளக்கை அணைக்கவும் கூடாது என்று சொல்வது அதனால்தான்.

உணரி வையுங்கள், நல்லதுதான். அது அலறட்டும், போனுக்குச் செய்தி அனுப்பட்டும், அந்த அறையில் வேறு எதையும் இயக்க வேண்டாம். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். ஆகவே உணரியைத் தரையிலிருந்து ஓர் அடி உயரத்துக்குள் பொருத்துங்கள். குழாய் வழி இயற்கை எரிவாயு வரும் வீடுகளில் அது மேலே ஏறும், அங்கே கூரையை ஒட்டி வைக்க வேண்டும். அலாரம் அடித்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் சிலிண்டர் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்த பிறகு 1906 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அது எல்பிஜி கசிவுக்கான அவசர உதவி எண். பணம் வாங்குவதற்கு முன் அந்த ஆளிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.