எட்டணா அதிகம் என்றார் காந்தி
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கல்லூரியிலிருந்து. விடுமுறை நேரம் என்பதால் இருக்கலாம். சுற்றிச் சுற்றி எல்லாருமே என்ன படிப்பது, எப்படிப் படிப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் எழுதியிருந்ததால் யாருக்குமே பெயர் போடவில்லை.

கேள்வி: அரசியல் கோட்பாடு படிக்க ஆசை. பிளேட்டோவில் ஆரம்பித்து வரிசையாக வரலாம் என்று ஒரு தடிமனான அறிமுக நூலை எடுத்தேன். ஹாப்ஸ் வருவதற்குள் தூக்கம் வந்துவிடுகிறது. எனக்கு இதெல்லாம் ஏறாதோ?
– வரலாற்று மாணவி, திண்டுக்கல்

பதில்: ஏறும். அந்தப் புத்தகத்தை மூடி வையுங்கள், அவ்வளவுதான். அறிமுக நூல்களில் பலவும் தேர்வுக்கென்று எழுதப்பட்டவை. ஹாப்ஸ் இப்படிச் சொன்னார், லாக் அப்படிச் சொன்னார், ரூசோ வேறு மாதிரி சொன்னார் என்று ஐந்து மதிப்பெண் கேள்விக்குத் தோதாக நறுக்கி வைத்திருப்பார்கள். யாரிடம் சொன்னார், எந்தப் பயத்தில் சொன்னார், அதைக் கேட்டு யாருக்குக் கோபம் வந்தது என்பதெல்லாம் அதில் இருக்காது. 1649இல் இங்கிலாந்து மன்னரின் தலையை வெட்டுகிறார்கள், நாடு உள்நாட்டுப் போரில் கிடக்கிறது, ஹாப்ஸ் பாரிசுக்கு ஓடிப்போய் உட்கார்ந்திருக்கிறார், அங்கிருந்து எழுதிய 'லெவியதான்' 1651இல் வருகிறது. இவ்வளவு தெரிந்தால் போதும், வலுவான அரசு இல்லாவிட்டால் ஒருவரை ஒருவர் தின்றுவிடுவோம் என்று அந்த மனிதர் ஏன் நடுங்கினார் என்பது தானாகப் புரிந்துவிடும்.

என்னைக் கேட்டால் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'தான் தொடங்க வேண்டிய இடம். சிறிய புத்தகம், அதுவும் யாரும் மேடையில் கேட்காத ஒரு பேச்சு. லாகூரில் ஜாத்–பாத்–தோடக் மண்டல் என்ற அமைப்பு, சாதி இந்துக்களில் சீர்திருத்தம் வேண்டியவர்கள் நடத்தியது, 1936 மாநாட்டுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்தது. உரையை முன்கூட்டியே வாங்கிப் பார்த்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. வேதங்களைப் பற்றிய பகுதி இருக்கிறது, இந்து மதத்தை விட்டுப் போகப் போகிறேன் என்ற பேச்சும் இருக்கிறது, கொஞ்சம் குறைத்துக்கொள்ளக் கூடாதா என்றார்கள். ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மாட்டேன் என்றார் இவர். மாநாடு நின்றது. உரையைத் தன் செலவில் அச்சிட்டார். 1500 பிரதிகள், இரண்டு மாதத்தில் தீர்ந்துவிட்டன. அடுத்த ஆண்டு இரண்டாம் பதிப்பு வருவதற்குள்ளேயே தமிழில் வந்துவிட்டது, பெரியாரின் வேலை அது.

கதை அதோடு முடியவில்லை. காந்தி 'ஹரிஜன்' இதழில் இதற்கு மறுப்பு எழுதினார். அதில் ஒரு வேடிக்கை, கருத்துக்குப் போவதற்கு முன்பே புத்தக விலையைப் பிடித்துக்கொண்டார்: எட்டணா வைத்திருக்கிறார்கள், இரண்டணாவாகக் குறைக்கலாம், இல்லாவிட்டால் நாலணாவாவது. எல்லாரும் படிக்க வேண்டிய புத்தகம் என்ற எண்ணத்தில்தான் சொன்னார், ஆனாலும் சிரிப்பு வருகிறது. அம்பேத்கர் என்ன செய்தார் தெரியுமா? காந்தியின் மறுப்பை அப்படியே இரண்டாம் பதிப்பில் பின்னிணைப்பாகச் சேர்த்து, கூடவே தன் பதிலையும் போட்டுவிட்டார். ஆக ஒரே புத்தகத்துக்குள் அடியும் இருக்கிறது, தடுப்பும் இருக்கிறது, திருப்பி அடிப்பதும் இருக்கிறது. இதைவிட நல்ல பாலபாடம் எங்கே கிடைக்கும்? பின்னிணைப்பு இல்லாத மலிவுப் பதிப்பு கையில் வந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.

அடுத்து அதே காந்தியின் 'இந்திய சுயராஜ்யம்'. 1909 நவம்பரில் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில், வலது கை ஓய்ந்தால் இடது கையால் என்று எழுதிய புத்தகம். மொத்தமும் கேள்வி–பதில்தான். 'வாசகர்' கேட்கிறார், 'பத்திராதிபர்' பதில் சொல்கிறார். அந்த வாசகர் யாரென்று பார்க்க வேண்டும். காந்தி லண்டனில் இறங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான் மதன்லால் திங்க்ரா என்ற இந்திய மாணவர் ஓர் ஆங்கிலேய அதிகாரியைச் சுட்டுக் கொன்றிருந்தார். நகரத்தில் இந்திய இளைஞர்கள் கொதித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பலரிடம் காந்தி பேசினார், அவர்களுடைய குரல்தான் அந்த 'வாசகர்'. புத்தகத்துக்குள்ளேயே திங்க்ராவின் பெயர் வருகிறது: தேசபக்தர்தான், ஆனால் அவர் பக்தி குருட்டு பக்தி என்கிறார் பத்திராதிபர். ரயில், வக்கீல், டாக்டர் எல்லாரையும் திட்டும் அத்தியாயங்களைப் படிக்கும்போது உங்களுக்குக் கோபம் வரலாம். வரட்டும். எனக்கு இன்றும் பாதிக்கு மேல் ஒப்பவில்லை. ஆனால் வாசகர் எங்கே சும்மா விட்டுவிடுகிறார், எந்த இடத்தில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்று ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள், தூக்கம் வராது.

பிளேட்டோ எங்கேயும் போய்விட மாட்டார். இதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள், அவரும் கேள்வி–பதிலாகத்தான் எழுதியிருக்கிறார்.

கேள்வி: சொல்கிற புத்தகங்கள் எல்லாம் விலை அதிகம். விடுதியில் தங்கிப் படிக்கிறவர்களுக்கு வழி சொல்லுங்கள்.
– பொறியியல் மாணவர், சேலம்

பதில்: அம்பேத்கரின் 'பேச்சும் எழுத்தும்' தமிழ்த் தொகுதிகள் பக்கக் கணக்குக்கு மிக மலிவு. 'சாதி ஒழிப்பு' முதல் தொகுதியிலேயே இருக்கிறது. நாட்டுடைமையாக்கப்பட்ட எழுத்தாளர்களின் நூல்களைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காசில்லாமல் படிக்கலாம். ஈழத்து நூல்களுக்கும் பழைய சிற்றிதழ்களுக்கும் 'நூலகம்' என்ற இணையதளம். சென்னைக்கு வந்தால் கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம். மதுரைப் பக்கம் போனால் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். உங்கள் கல்லூரி நூலகத்தில் கடைசி அடுக்கையும் ஒருமுறை பாருங்கள், பல வருடமாக யாரும் எடுக்காத நல்ல புத்தகங்கள் அங்கேதான் கிடக்கும்.

கேள்வி: கதையை நேராகப் படித்தால் போதாதா? நடுவில் விமர்சகர் எதற்கு? எங்கள் வகுப்பில் கதையைப் படிக்காமலே விமர்சனத்தை எழுதித் தேர்ச்சி பெறுகிறார்கள்.
– முதுகலை தமிழ் மாணவர், பாளையங்கோட்டை

பதில்: உங்கள் வகுப்பில் நடப்பது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அதற்கு விமர்சகர் மேல் பழி போட முடியாது. கதையைப் படித்துவிட்டு, உங்களுக்கென்று ஓர் அபிப்பிராயம் வந்தபிறகு விமர்சனத்துக்குப் போனால்தான் அந்த மனிதரோடு சண்டை போட முடியும்.

நல்ல விமர்சகரைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு சோதனைதான் வைத்திருக்கிறேன். வரியை எடுத்துக் காட்டுகிறாரா, இல்லையா? 'மானுட வாழ்வின் ஆழங்களைத் தொட்டுச் செல்லும் படைப்பு' என்று எழுதுவதற்குக் கதையைப் படிக்கவே வேண்டாம், எந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒட்டிவிடலாம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' இதழைத் தொடங்கியது முதன்மையாக விமர்சனத்துக்காகத்தான். அவர் பாணியை அலசல் என்பார்கள். ஒரு கதையின் வாக்கியம், உத்தி, எங்கே ஆரம்பித்து எங்கே நிறுத்தினார் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் போடுவார். சில சமயம் படிக்க அலுப்பாகவும் இருக்கும், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. இன்னொரு விமர்சகரான க.நா.சு. (க.நா. சுப்ரமண்யம்) நேர் எதிர். ரசனையை நம்பினார், நல்ல நாவல்கள் இவை இவை என்று பட்டியல் போட்டார், பட்டியல் விமர்சகர் என்று கேலியும் வாங்கிக்கொண்டார். ஆனால் அந்தப் பட்டியல்களைப் பிடித்துக்கொண்டு நல்ல புத்தகங்களுக்கு வந்து சேர்ந்தவர்கள் நிறைய. இதில் இன்னொரு வேடிக்கை: விமர்சனத்துக்கென்று ஆரம்பித்த 'எழுத்து' கடைசியில் புதுக்கவிதையின் வீடாகிப்போனது, 1962இல் 'புதுக்குரல்கள்' தொகுப்பு அங்கிருந்துதான் வந்தது.

கேள்வி: கைலாசபதியை இன்றைக்கும் படிக்க வேண்டுமா? 'எல்லாவற்றையும் வர்க்கம் என்று சொல்லி முடித்துவிடுவார்' என்று ஓர் அண்ணா சொன்னார்.
– பல்கலைக்கழக மாணவி, யாழ்ப்பாணம்

பதில்: அந்த அண்ணா எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுச் சொன்னார் என்று கேட்டீர்களா, தங்கச்சி? ஈழத்து மார்க்சிய விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் பர்மிங்காமில் ஜார்ஜ் தாம்சன் என்ற கிரேக்க அறிஞரிடம் ஆய்வு செய்தவர்கள். அங்கே கைலாசபதி செய்த வேலை 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்தது. சங்கப் பாடல்களை ஹோமரோடு பக்கத்தில் வைத்து, திரும்பத் திரும்ப வரும் தொடர்களைப் பொறுக்கி எடுத்து, இவை பாணர்கள் வாய்மொழியாகக் கட்டிய பாட்டுகள் என்று வாதிடுகிறார். அதற்கு ஏழு ஆண்டுகள் கழித்து அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட், இல்லை, பாணர்களின் பாட்டை முன்மாதிரியாக வைத்து எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை இவை என்றார். இரண்டையும் அருகருகே வைத்துக்கொண்டு புறநானூற்றைத் திறந்து பாருங்கள். 'வர்க்கம் என்று சொல்லி முடித்துவிடுகிற' ஆள் இவ்வளவு தூரம் தொடர்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார்.

'தமிழ் நாவல் இலக்கியம்' வேறு சங்கதி. அங்கே உங்கள் அண்ணா சொல்வதில் கொஞ்சம் நியாயம் உண்டு, சமூகப் பின்னணி வந்த அளவுக்கு நாவலின் உள்ளே நடப்பது வரவில்லை. வெங்கட் சாமிநாதன் அந்தப் புத்தகத்தை விளாசித் தள்ளியிருக்கிறார், 'மார்க்ஸின் கல்லறையிலிருந்து ஒரு குரல்' என்பது கட்டுரையின் பெயர். தலைப்பிலேயே கை ஓங்கிவிட்டார். அதையும் படியுங்கள், அதற்காக மூலத்தை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மாணவ வாழ்க்கையைப் பற்றி நல்ல தமிழ்ப் புத்தகம் உண்டா? காதலும் கேன்டீனும் மட்டும் உள்ளவை வேண்டாம்.
– இளங்கலை மாணவர், தஞ்சாவூர்

பதில்: கேன்டீனைக் கேவலமாகச் சொல்லாதீர்கள், பாதிப் படிப்பு அங்கேதான் நடக்கிறது. நீங்கள் தஞ்சாவூர்க்காரர், அதனால் உங்கள் பக்கத்துப் புத்தகத்தையே சொல்கிறேன். உ.வே.சா.வின் 'என் சரித்திரம்', 1940இல் ஆனந்த விகடனில் தொடராக ஆரம்பித்தது. தாத்தா ஏடு தேடிய கதை என்று எல்லாருக்கும் தெரியும். முன்பகுதி முழுக்க ஒரு மாணவனின் கதை என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல் அப்பா பையனை அழைத்துக்கொண்டு அரியலூர், குன்னம், கார்குடி என்று ஊர் ஊராகக் குடிபோகிறார். கடைசியில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் வந்து சேர்கிறான் பையன். வந்த பிறகும் ஏமாற்றம்தான். பிள்ளையவர்கள் தானே பாடம் சொல்லாமல் சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் விட்டுவிடுகிறார்.

பையன் என்ன செய்தான் என்பதுதான் ரசமான இடம். ஆசிரியருக்குச் செடிகொடி மேல் உயிர். காலையில் எழுந்ததும் கொல்லைத் தோட்டத்தைச் சுற்றி எது துளிர்த்திருக்கிறது என்று பார்ப்பார். இவன் அவருக்கு முன்பே போய் எங்கெங்கே தளிர் விட்டிருக்கிறது என்று தேடி வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் இதோ இங்கே, அதோ அங்கே என்று காட்டுகிறான். அவர் முகம் மலர்கிறது, பேச்சு வளர்கிறது, நேரம் பார்த்து, ஐயாவிடமே பாடம் கேட்க வேண்டும் என்று விஷயத்துக்கு வருகிறான். அத்தியாயத்துக்குப் பெயரே 'தளிர் ஆராய்ச்சி'. வழிகாட்டிப் பேராசிரியரின் அறைக்கு வெளியே கையெழுத்துக்குக் காத்து நின்ற எந்த ஆய்வு மாணவருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். வேங்கடராமனாகப் போனவனுக்குச் சாமிநாதன் என்ற பெயரை நிலைக்கவைத்ததும் அந்த ஆசிரியர்தான். கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்ததை விட்டதும் அவருக்காகத்தான். படிக்கும்போது எனக்கு அது மட்டும் வருத்தமாக இருக்கும்.

இதைப் படித்த கையோடு தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை எழுதிய 'கருக்கு' படியுங்கள், 1992இல் வந்தது. அங்கேயும் பள்ளி, விடுதி, கல்லூரி எல்லாம் உண்டு. ஆனால் விருந்து நாளில் உடுத்திக்கொள்ளச் சரியான சேலை இல்லாமல் குளியலறைக்குள் போய் ஒளிந்துகொள்ளும் மாணவி அவள். முதல் புத்தகத்தில் ஆசிரியரை நெருங்குவதுதான் பிரச்சினை. இரண்டாவதில் அந்தக் கட்டடத்துக்குள் நிற்பதே பிரச்சினை. இரண்டில் எதையாவது ஒன்றை மட்டும் படித்துவிட்டு நம் ஊர்க் கல்வியைப் பற்றி மேடையேறிப் பேசுகிறவர்களை நிறையப் பார்த்தாயிற்று.

கேள்வி: விடுதியில் வாசிப்பு வட்டம் ஆரம்பித்தோம். முதல் வாரம் அறை நிறைந்தது, இப்போது நாலு பேர்தான். நிறுத்திவிடலாமா?
– சட்ட மாணவர், கோவை

பதில்: நாலு பேர் தாராளம். வீட்டில் படித்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதை நிறுத்துங்கள், யாரும் படிப்பதில்லை. அங்கேயே பத்துப் பக்கம் சத்தமாக வாசியுங்கள். அப்புறம் எழுதியவரின் கட்சியை, அவரைப் பிடிக்காத ஆள் எடுத்துப் பேச வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். சட்டம் படிக்கிறீர்கள், இது உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? தலைவர், செயலாளர் என்று பதவி மட்டும் போட்டுவிடாதீர்கள். அதற்கு அடுத்த வாரம் இரண்டு வட்டம் ஆகிவிடும்.

கேள்வி: இதையெல்லாம் படித்தால் சோறு போடுமா என்று அப்பா கேட்கிறார். என்ன பதில் சொல்வது? எனக்கு அரசுத் தேர்வு எழுதும் எண்ணமே கிடையாது.
– இளங்கலை மாணவி, விருதுநகர்

பதில்: குடிமைப் பணித் தேர்வின் விருப்பப் பாடங்களில் அரசியல் அறிவியலும் ஒன்று. அதன் பாடத்திட்டத்தில் பிளேட்டோ, மாக்கியவெல்லி, ஹாப்ஸ், மார்க்ஸ், கிராம்சி, காந்தி, அம்பேத்கர் எல்லாரும் வரிசையாக இருக்கிறார்கள். அந்தப் பக்கத்தை அச்செடுத்து அப்பா கண்ணில் படும்படி மேசைமேல் வையுங்கள். உங்கள் கடிதத்தின் கடைசி வரியை மட்டும் இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டாம்.